பிற்பகல் மூன்று மணி, 344 மில்லி செகண்ட்

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு காகித மொத்தக் கடைக்கு, கல்லாப் பக்கத்தில் நின்றபடியே ஆர்டர் எடுப்பதற்கு ஒரு வெப் ஆப் எழுதிக் கொடுத்திருந்தேன். வெப் பக்கத்தைத் துண்டு துண்டாகக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதியது. மேலே தேடல் பெட்டி, நடுவில் சரக்குப் பட்டியல், அடியில் கூடையும் மொத்தத் தொகையும். தொடங்கும்போது பட்டியலில் 300 சரக்கு இருந்தது. இரண்டு வருடத்தில் 1,800 ஆகிவிட்டது. மேப்லித்தோ, ஆர்ட் பேப்பர், ஆர்ட் போர்டு, கல்யாண அட்டை, கவர் என்று ஒவ்வொன்றும் ஜி.எஸ்.எம். (தாளின் எடை) வாரியாக, அளவு வாரியாகத் தனித்தனி வரி.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம் கடை முதலாளி போன் செய்தார். “தம்பி, பையன் அடிக்கிறான், எழுத்தே வர மாட்டேங்குது. அதுக்குள்ள வந்த ஆளு பக்கத்துக் கடைக்குப் போயிடுறாரு.” வைகாசி முகூர்த்தத்துக்கு அட்டை, பள்ளி திறப்புக்கு நோட்டுத் தாள் என்று அந்தத் தெருவே மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும் மாதம். நான் எழுதிக் கொடுத்த ஒன்றால் ஒருவருக்கு வியாபாரம் போகிறது என்று கேட்டதும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கண்ணில் பட்ட காம்போனென்டை (திரையின் ஒரு துண்டை வரையும் ஃபங்ஷன்) எல்லாம் மெமோவில் சுற்றினேன்; உள்ளே வரும் மதிப்பு மாறாவிட்டால் அதை மறுபடி ஓட்டாதே என்று சொல்வதுதான் மெமோ. ரெண்டர், அதாவது காம்போனென்ட் மறுபடி ஓடுவது, அதிகமாக இருந்தால் மெமோ போட வேண்டும் என்பது பழகிப்போன கை வேலை. என் லேப்டாப்பில் முன்பும் வேகமாகத்தான் இருந்தது, பின்பும் வேகமாகத்தான் இருந்தது. காலையில் புதிய பதிப்பை ஏற்றிவிட்டுக் கேட்டேன். கல்லாவில் நிற்கும் பையன், “அப்படியேதான் இருக்குணா” என்றான்.

சரி, அளக்காமல் இனி ஒரு வரியும் மாற்றக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி உயர் நீதிமன்றத்தில் இறங்கிக் கடைக்கே போனேன். அவன் போன் நான்கு வருடப் பழையது, 3 ஜிபி ராம். கடையில் ஏசி கிடையாது. ஷட்டர் பக்கம் வெயில் நேராக அடிக்கிறது. “ஆர்ட் 130” என்று அவன் அடித்தபோது, கடைசி எழுத்தைத் தொட்ட பிறகுதான் முதல் எழுத்து திரையில் வந்தது. இந்தக் காட்சியை என் லேப்டாப் இரண்டு வருடமாக எனக்குக் காட்டியதே இல்லை.

முதலில் லேப்டாப்பில் தொடங்கினேன், ஏனென்றால் கருவிகள் அங்கேதான் வசதியாக இருக்கின்றன. ரியாக்ட் டெவ்டூல்ஸ் என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷனில், காம்போனென்ட் ரெண்டர் ஆகும்போதெல்லாம் அதைச் சுற்றி ஒரு கோடு மின்னும்படி வைக்கலாம். அதை இயக்கிவிட்டு ஒரே ஒரு எழுத்து அடித்தேன். திரை முழுக்க மின்னியது. தேடல் பெட்டியும் பட்டியலும் மின்னுவது புரிகிறது. கூடை ஏன் மின்னுகிறது? மொத்தத் தொகை ஏன்? தேடுவதற்கும் கூடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடுத்து ப்ரொஃபைலர் தாவலில், ஒவ்வொரு காம்போனென்டும் ஏன் ரெண்டர் ஆனது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லி இன்னொரு முறை அடித்தேன். சரக்கு வரியைத் தொட்டால் இரண்டு காரணம் காட்டியது: ‘கூடையில் சேர்’ ப்ராப் மாறியது, கான்டெக்ஸ்ட் மாறியது. ப்ராப் என்பது மேலே உள்ள காம்போனென்ட் கீழே அனுப்பும் மதிப்பு; கான்டெக்ஸ்ட் என்பது நடுவில் உள்ளவற்றைத் தாண்டிக் கீழே உள்ள எதுவும் படிக்கக்கூடிய பொது மதிப்பு.

ராத்திரி போட்ட மெமோ ஏன் பயன்படவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. மெமோ பழைய ப்ராப்ஸையும் புதிய ப்ராப்ஸையும் மேலோட்டமாகத்தான் ஒப்பிடும். ‘கூடையில் சேர்’ ஃபங்ஷனை ஒவ்வொரு ரெண்டரிலும் புதிதாக உருவாக்கி வரிக்கு அனுப்பிக் கொண்டிருந்தேன். உள்ளே செய்யும் வேலை ஒன்றேதான் என்றாலும், மெமோவைப் பொறுத்தவரை அது வேறு ஃபங்ஷன். அதோடு, ஒரு காம்போனென்ட் கான்டெக்ஸ்டைப் படித்தால், கான்டெக்ஸ்டின் மதிப்பு மாறும்போது மெமோவைத் தாண்டி அது ரெண்டர் ஆகியே தீரும்.

ஆனால் இது எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்பதைப் போனில்தான் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது என்பதால் டெவ்டூல்ஸ் அங்கே வராது. அதற்கு ரியாக்டிலேயே ப்ரொஃபைலர் என்று ஒரு காம்போனென்ட் இருக்கிறது. 2019-இல் வந்த 16.9 பதிப்பிலிருந்து எல்லோரும் பயன்படுத்தலாம். அளக்க வேண்டிய பகுதியை அதனால் சுற்றி, ஒரு பெயரும் ஒரு ஃபங்ஷனும் கொடுத்தால் போதும். அந்தப் பகுதிக்குள் ஏதாவது ரெண்டர் ஆகித் திரைக்குப் போகும்போதெல்லாம் நம் ஃபங்ஷனைக் கூப்பிட்டு விவரம் சொல்லும். தேடல், பட்டியல், கூடை என்று மூன்று இடத்தில் வைத்தேன்.

இதில் இரண்டு இடத்தில் நேரம் போனது, இனி செய்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். ஒன்று, பயனர்களுக்குப் போகும் சாதாரண ப்ரொடக்‌ஷன் பில்டில் ப்ரொஃபைலர் வேலை செய்யாது. பிழையும் காட்டாது, பதிவு காலியாகவே இருக்கும். ரியாக்டைப் பிரவுசரோடு இணைக்கும் ரியாக்ட் டாமின் ப்ரொஃபைலிங் பதிப்பை எடுத்துக்கொள்ளும்படி பில்ட் அமைப்பில் மாற்ற வேண்டும். எழுதும்போது நாம் ஓட்டும் டெவலப்மென்ட் பில்டில் அளந்தால் போதாதா என்றால், போதாது. அதில் கூடுதல் சோதனைகள் ஓடும், ஸ்டிரிக்ட் மோடு இருந்தால் ஒவ்வொரு காம்போனென்டும் இரண்டு முறை ரெண்டர் ஆகும், எண்கள் ஊதிப்போய் வரும். இரண்டு, வரும் எண்ணை ஸ்டேட்டில் (காம்போனென்ட் நினைவில் வைத்திருக்கும் மதிப்பு) வைத்துத் திரையில் காட்ட ஆசைப்படக் கூடாது. ஸ்டேட் மாறினால் ரெண்டர், ரெண்டர் ஆனால் புது எண், புது எண் வந்தால் மறுபடி ஸ்டேட். பக்கம் உறைந்துவிடும். சாதாரண அர்ரே ஒன்றில் கடைசி 200 பதிவை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

போனை லேப்டாப்போடு இணைக்க நான் கொண்டுபோன கேபிள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றியது, டேட்டா போகவில்லை. பர்மா பஜாருக்கு நடந்துபோய் வேறு கேபிள் வாங்கி வந்தேன். அப்புறம்தான் லேப்டாப் குரோமிலிருந்து போனின் பக்கத்தைத் திறந்து பார்க்க முடிந்தது.

ப்ரொஃபைலர் கொடுக்கும் விவரங்களில் இரண்டு எண் முக்கியம். ஒன்று, இந்த முறை ரெண்டருக்கு உண்மையில் ஆன நேரம். இன்னொன்று அடிப்படை நேரம்: மெமோ எதுவும் இல்லாமல் அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி ரெண்டர் செய்தால் எவ்வளவு ஆகும் என்ற கணக்கு. மெமோ சரியாக வேலை செய்கிறது என்றால் முதல் எண் இரண்டாவதைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். பையன் போனில் காலை பதினொரு மணிக்கு எடுத்த இருபது எழுத்துகளின் நடு மதிப்பு: பட்டியலுக்கு உண்மை நேரம் 212 மில்லி செகண்ட், அடிப்படை நேரம் 215. ஒரு ராத்திரி வேலையின் பலன் 3 மில்லி செகண்ட் என்று இதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் சொல்ல முடியாது. எனக்கு இந்த ஒப்பீடு மிகவும் பிடித்துவிட்டது. இப்போதெல்லாம் மெமோ போட்டால் முதலில் இந்த இரண்டு எண்ணைத்தான் பார்க்கிறேன்.

இதே வேலைக்கு லேப்டாப்பில் 14 ஆனது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி செகண்ட். லேப்டாப் அதற்குள் முடித்துவிட்டதால் எனக்கு எதுவும் தெரியவில்லை. குரோமில் சிபியு வேகத்தை 6 மடங்கு குறைத்துப் பார்த்தேன், 90 பக்கம் வந்தது, 212 வரவில்லை. அந்த வசதி சிபியுவை மட்டும்தான் மெதுவாக்குகிறது. போனின் மெமரியையும் சூட்டையும் அது கொண்டுவராது. சூடு என்பதை நான் சும்மா சொல்லவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு, போன் கையில் சுடும் நேரத்தில், அதே இருபது எழுத்தை மறுபடி அடிக்கச் சொன்னேன். 318. சூடானால் போன் தன் சிபியு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அன்றிலிருந்து இந்தக் கடைக்கு மூன்று மணி எண்தான் உண்மையான எண் என்று வைத்துக்கொண்டேன். கடையில் கூட்டம் இருப்பதும் அந்த நேரத்தில்தான்.

முதலில் சரிசெய்தது கான்டெக்ஸ்ட். கூடையில் உள்ள சரக்குகள், சேர்க்கும் ஃபங்ஷன், நீக்கும் ஃபங்ஷன் மூன்றையும் ஒரே ஆப்ஜெக்டில் வைத்துக் கொடுத்திருந்தேன். அதைக் கொடுக்கும் அதே காம்போனென்டில்தான் தேடல் எழுத்தும் ஸ்டேட்டாக இருந்தது. ஒரு எழுத்து அடித்தால் அந்தக் காம்போனென்ட் ரெண்டர் ஆகும், ஆப்ஜெக்ட் புதிதாகப் பிறக்கும், 1,800 வரியும் கூடையும் எழுந்திருக்கும். தேடல் ஸ்டேட்டைக் கீழே, பட்டியலும் தேடல் பெட்டியும் மட்டும் இருக்கும் காம்போனென்டுக்கு இறக்கினேன். கூடையின் சரக்குகளுக்கு ஒரு கான்டெக்ஸ்ட், ஃபங்ஷன்களுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்து, ஃபங்ஷன்கள் ஒவ்வொரு ரெண்டரிலும் புதிதாகப் பிறக்காதபடி ரியாக்டின் யூஸ்கால்பேக்கில் நிலைப்படுத்தினேன். அடுத்த அளவீட்டில் கூடைக்குப் பதிவே வரவில்லை. ஒன்றும் ரெண்டர் ஆகவில்லை என்றால் ப்ரொஃபைலர் கூப்பிடாது. அந்த வெறுமையைப் பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பட்டியல் இன்னும் கனமாகவே இருந்தது. ரெண்டருக்குள் நடக்கும் வேலைகளைத் தனித்தனியாகப் பிரிக்க, பிரவுசரில் நேரம் குறிக்கும் பெர்ஃபார்மன்ஸ் மார்க், மெஷர் இரண்டையும் வைத்துக் குறியிட்டேன். நேரத்தைத் தின்றது அகர வரிசைப்படுத்துதல்.

இது தமிழில் எழுதுகிறவர்களுக்கே வரும் விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். யூனிகோடு அட்டவணையில் தமிழ் எழுத்துகள் நம் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை. ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ என்று இருக்கிறது. குறியீட்டு எண்ணை வைத்துச் சும்மா வரிசைப்படுத்தினால் சரக்குப் பெயர்கள் இடம் மாறும், கணக்குப் பார்க்கும் அக்கா உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் முன்பே, மொழியின் வரிசைப்படி ஒப்பிடும் லோக்கேல்கம்பேர் போட்டுத் தமிழ் வரிசை கேட்டிருந்தேன். வரிசை சரியாக வந்தது. ஆனால் 1,800 பெயரை வரிசைப்படுத்த ஏறக்குறைய இருபதாயிரம் ஒப்பீடு வேண்டும். அத்தனை முறையும் மொழியைச் சொல்லிச் சொல்லி ஒப்பிடுவது பெரும் செலவு. அதுவும் ஒவ்வொரு எழுத்துக்கும். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கென்றே உள்ள ஒப்பீட்டுக் கருவியான இன்ட்ல் (Intl) கொலேட்டரைத் தமிழுக்கு ஒரே ஒருமுறை உருவாக்கி, சரக்குப் பட்டியல் சர்வரிலிருந்து வந்தவுடன் ஒருமுறை மட்டும் வரிசைப்படுத்தி வைத்தேன். வரிசையாக இருப்பதை வடிகட்டினால் வரிசை கலையாது, தேடும்போது மறுபடி அடுக்கத் தேவையே இல்லை. விலையை 1,23,456 என்று நம் முறையில் காற்புள்ளி வைத்துக் காட்டுவதிலும் இதே தவறு இருந்தது. வரிக்கு வரி புதிதாகக் கேட்டுக் கொண்டிருந்தேன். அதையும் ஒரே ஃபார்மேட்டராக மாற்றினேன்.

மூன்று மணி எண் 318-இலிருந்து 61-க்கு இறங்கியது. மகிழ்ச்சியோடு பையனிடம் போனைக் கொடுத்தேன். அடித்துப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் பரவால்லணா, ஆனா இன்னும் இழுக்குது” என்றான்.

61 என்றால் கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டுமே என்று தோன்றியது. ஆனால் அவன் விரல் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். ப்ரொஃபைலர் அளப்பது ரியாக்ட் தன் காம்போனென்டுகளை ஓட்டும் நேரத்தை மட்டும்தான். அதற்குப் பிறகு பிரவுசர் ஸ்டைல் கணக்கிட்டு, லேஅவுட் போட்டு, திரையில் தீட்ட வேண்டும். அந்த நேரம் இந்த எண்ணில் இல்லை. விரல் பட்டதிலிருந்து அடுத்த ஃப்ரேம் திரையில் வரும்வரை ஆகும் மொத்த நேரத்தை ஈவென்ட் டைமிங் என்ற பிரவுசர் வசதி சொல்லும். கூகுள் 2024 மார்ச்சில் பழைய எஃப்.ஐ.டி. (முதல் தொடுதலுக்கு ஆகும் தாமதம்) அளவை நீக்கிவிட்டுக் கொண்டுவந்த ஐ.என்.பி. (தொடுதலிலிருந்து அடுத்த காட்சி வரை) என்ற அளவு இதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. 200 மில்லி செகண்டுக்குள் இருந்தால் நன்று, 500-ஐத் தாண்டினால் மோசம்; நூற்றில் எழுபத்தைந்து வருகைகள் அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

பிரவுசரின் அளவீடுகளைத் தரும் பெர்ஃபார்மன்ஸ் அப்சர்வரில் அதைக் கேட்டு வாங்கினேன். ஒன்றும் கேட்காவிட்டால் 104 மில்லி செகண்டுக்கு மேல் ஆனதைத்தான் தரும்; 16 வரை இறக்கிக் கேட்கலாம், நான் 40 வைத்தேன். வந்த எண்கள் 40, 48, 344 என்று எல்லாமே 8-இன் மடங்காக இருந்தன. என் கணக்கில் பிழையோ என்று ஒரு மணி நேரம் தேடினேன். பிழை இல்லை. பாதுகாப்புக்காக அந்த எண்ணை 8-க்கு முழுமையாக்கித்தான் கொடுக்கிறார்கள்.

மூன்று மணிக்கு, எழுபத்தைந்தாவது சதவீத இடத்தில், 344. பழைய பதிப்பை அதே போனில் ஏற்றி அளந்தபோது 712. அதாவது பாதியாகக் குறைந்திருக்கிறது, அவன் சொன்ன ‘கொஞ்சம் பரவால்ல’ அதுதான். மிச்சத்தில் பெரும் பகுதி எங்கே போகிறது என்பதை யூஎஸ்பி வழியாகப் போனில் ஒரு பதிவு எடுத்துப் பார்த்தேன். முக்கால்வாசி லேஅவுட். தேடல் பெட்டியை அழித்தால் 1,800 வரி ஒரேயடியாகத் திரும்பி வருகின்றன. ஒவ்வொரு வரியிலும் பத்துப் பன்னிரண்டு எலிமென்ட்.

நீளமான பட்டியலுக்கு எல்லோரும் சொல்லும் வழி, கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் வைத்துவிட்டு மற்றதை நீக்கிவிடும் விண்டோயிங். முயன்று பார்த்தேன். எங்கள் சரக்குப் பெயர்கள் சில ஒரு வரியில் நிற்கும், சில இரண்டு வரிக்கு மடியும், உயரம் ஒன்றாக இல்லை. ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து வைக்கும் வகையும் உண்டு, ஆனால் இந்தக் கடைக்கு அவ்வளவு இயந்திரம் தேவையா என்று யோசித்தேன். கல்லாவில் நிற்கிற யாரும் 1,800 வரியை விரலால் தள்ளிப் பார்ப்பதில்லை. அடிக்கிறார்கள், முதல் ஐந்தாறு வரியில் எடுக்கிறார்கள். எனவே போனில் முதல் 50 வரியும் அடியில் ‘மேலும் காட்டு’ பொத்தானும் மட்டும். கணக்குப் பார்க்கும் அக்காவுக்கு மேசைக் கணினியில் முழுப் பட்டியலும் வேண்டும், அவர்கள் பிரவுசரின் தேடலை வைத்துத்தான் பார்ப்பார்கள். விண்டோயிங் அதைக் கெடுத்துவிடும். அங்கே சிஎஸ்எஸ்ஸின் கன்டென்ட் விசிபிலிட்டியை ஆட்டோ என்று வைத்தேன். திரைக்கு வெளியே உள்ள வரிகளைப் பிரவுசர் லேஅவுட் செய்யாமல் விட்டுவைக்கும், ஆனால் தேடினால் கிடைக்கும்.

இன்னொரு சிக்கல் தமிழ்த் தட்டச்சில் இருந்தது. பையன் ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக மாற்றும் கீபோர்டு வைத்திருக்கிறான். ‘அட்டை’ என்று வருவதற்குள் ஐந்து ஆறு முறை பாதிச் சொல் உள்ளே வரும். ஒவ்வொன்றுக்கும் பட்டியல் காலியாகும், பிறகு நிறையும். சொல் முடியும்வரை, அதாவது கம்போசிஷன் முடியும்வரை, தேடாமல் இருக்கச் செய்தேன். தமிழுக்கு அருமையாக இருந்தது. ஆனால் அவன் ‘130’-க்கு முன்னால் ஆங்கிலத்தில் ‘ஆர்ட்’ அடித்தபோது பட்டியல் அசையவே இல்லை. ஆண்ட்ராய்டு கீபோர்டு ஆங்கிலச் சொல்லையும் கம்போசிஷனாகத்தான் அனுப்புகிறது. உடனே அந்த மாற்றத்தை எடுத்துவிட்டு, ரியாக்ட் 18-இல் வந்த யூஸ்டெஃபர்டுவேல்யூ போட்டேன். தேடல் பெட்டி எழுத்தை உடனே காட்டும். பட்டியல் பின்னால் வரும். நடுவில் இன்னொரு எழுத்து வந்தால் பாதி வேலையை விட்டுவிட்டுப் புதியதை எடுக்கும். இது பலிக்கப் பட்டியல் மெமோவில் இருக்க வேண்டும். முதல் ராத்திரி சுற்றியவற்றில் கடைசிவரை நிலைத்தது அந்த ஒரு மெமோதான். மற்றதை எல்லாம் எடுத்துவிட்டேன்.

மறுநாள் மூன்று மணிக்கு: பட்டியல் 9, விரலிலிருந்து திரைக்கு 128. பையன் ஒன்றும் சொல்லவில்லை. அடித்தான், எடுத்தான், அடுத்த ஆளைப் பார்த்து “சொல்லுங்க சார்” என்றான்.

அளவியை நான் கழற்றவில்லை. ப்ரொஃபைலிங் பில்டுக்குக் கொஞ்சம் சுமை உண்டு, அதனால் அது இந்த ஒரு போனுக்கு மட்டும் போகிறது. ஈவென்ட் டைமிங் எல்லாக் கருவியிலும் ஓடுகிறது. பக்கம் மறையும் நேரத்தில் அன்றைய எண்களை சென்ட்பீக்கன் வழியாக அனுப்புகிறது. பகுதியின் பெயர், நேரம், எத்தனை வரி என்பது மட்டும்தான் போகும். என்ன தேடினார்கள் என்பது போகாது. அது கடையின் வியாபாரம், எனக்குத் தேவையில்லை. முதலாளியிடம் இதைச் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொண்டேன்.

ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை எண் 296-க்கு ஏறியது. கடையிலிருந்து போன் வரவில்லை, நானே பார்த்தேன். முந்தின நாள் ஒவ்வொரு வரியிலும் அந்த வாடிக்கையாளருக்குக் கடைசியாகக் கொடுத்த விலையைக் காட்டும் சின்னச் சீட்டு ஒன்றைச் சேர்த்திருந்தேன். இடம் போதுமா என்று தெரிந்துகொள்ள வரியின் அகலத்தைப் படித்து, உடனே ஸ்டைலை மாற்றி, அடுத்த வரியின் அகலத்தைப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் பிரவுசர் லேஅவுட்டை முதலிலிருந்து போட்டே ஆக வேண்டும். 50 வரிக்கு 50 லேஅவுட். அளப்பதை எடுத்துவிட்டு சிஎஸ்எஸ் கிரிட்டில் விட்டேன், 136-க்குத் திரும்பியது.

செட்டிங்ஸ் பக்கத்தின் மூலையில், ரியாக்டுக்கு வெளியே, அன்றைய எண் சின்னதாகத் தெரியும்படி வைத்திருந்தேன். எனக்காக வைத்தது. பையன் அதைக் கண்டுபிடித்து என்னவென்று கேட்டான், சொன்னேன். இப்போது கடை மூடும்போது அவனே அனுப்புகிறான்: “இன்னைக்கு 136ணா.” நேற்று 152 என்று வந்தது, கூடவே புது போன் வாங்கப் போவதாகவும் சொன்னான். வாங்கினால் பழையதைக் கடைக்காரரிடம் மாற்றிவிடாதே, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.